வீட்டுப் படியிலிருந்து வேலை மேசை வரை

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலை தேடித் தரும்படி எங்கள் அமைப்புக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலும் இரண்டே தாள்கள்தான் இருக்கும். ஒன்று மருத்துவச் சான்றிதழ், மற்றது பள்ளிச் சான்றிதழ். 'மூளை முடக்குவாதம், வலது பக்கம் பலவீனம்' என்று முதல் தாள் சொல்லும். எந்த வகுப்பு வரை படித்தார் என்று இரண்டாவது சொல்லும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு யாருக்கும் வேலையைத் திட்டமிட முடியாது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். புதிதாக எங்களோடு பணியாற்ற வந்து சேரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். மருத்துவத் தாளை மூடி வையுங்கள். இவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, காலையில் கண் விழிப்பது முதல் இரவில் படுப்பது வரை ஒரு நாளை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 1998-இல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மாற்றுத்திறனாளி யார் என்பதற்கான விளக்கத்தையே விரித்திருக்கிறது. உடல், மனம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீண்டகாலமாக இருக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் குறைபாடு, பலவிதத் தடைகளோடு சேர்ந்து, வேலை பெறும் வாய்ப்பையோ வேலையில் உயரும் வாய்ப்பையோ கணிசமாகக் குறைக்கக்கூடும் என்றால் அவர் மாற்றுத்திறனாளி. 'தடைகளோடு சேர்ந்து' என்ற இடத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மருத்துவர் உடலைப் பார்த்து எழுதுகிறார். தடைகள் எங்கே இருக்கின்றன என்று யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சாட்ஸ்வொர்த்தைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பெயர்த்தெடுக்கப்பட்ட நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காக 1960களில் மலைச்சரிவுகளை வெட்டிக் கட்டிய வீடுகள் இவை. சாலை மேலே இருக்கும், வாசல் பள்ளத்தில் இருக்கும். அல்லது சாலை கீழே, வீடு தலைக்கு மேலே. நடுவில் கைப்பிடி இல்லாத சிமென்ட் படிகள். 'எங்கள் தொழிற்சாலையில் சரிவுப்பாதை கட்டிவிட்டோம், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரை அனுப்புங்கள்' என்று நிறுவனத்திலிருந்து கேட்பார்கள். அவர் தன் வீட்டுப் படிகளைக் கடந்து சாலைக்கு வரவே தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்க வேண்டும். தம்பிக்குக் காலை ஷிப்ட் விழுந்த வாரத்தில் இவருக்கு வேலைக்குப் போக வழியில்லை. இது எந்தச் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்காது.

சாலைக்கு வந்த பிறகு மினிபஸ் டாக்சி. சக்கர நாற்காலியைக் கண்டதும் நிறுத்தாமல் போகிறவர்கள் உண்டு. நிறுத்துகிறவர்களில் சிலர் நாற்காலியை மடித்து வைக்கும் இடத்துக்கும் ஓர் ஆளுக்கான கட்டணம் கேட்பார்கள். ஆகவே போக்குவரத்துச் செலவை நான் எப்போதும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 21 நாள் என்றால் 4,837 ராண்ட் அளவில் வரும். அதிலிருந்து இரட்டை டாக்சிக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்த பிறகுதான் அது வேலையா, வெறும் அலைச்சலா என்று தெரியும். பக்கத்துத் தொழிற்பேட்டைகளான மோபெனியிலோ ஜேக்கப்ஸிலோ குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் வேலை, நகரத்துக்கு அப்பால் அதிகச் சம்பளத்துக்குக் கிடைக்கும் வேலையைவிடப் பல நேரம் மேலானது.

பிறகு கழிப்பறை. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வேலையிடத்தில் தனக்கு ஏற்ற கழிப்பறை இல்லை என்பதால் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்த பெண்களை எனக்குத் தெரியும். சிறுநீர்த் தொற்று வந்து விடுப்பு எடுப்பார்கள். 'உடம்பு சரியில்லாதவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்' என்று பேச்சு வரும். கதவு சற்று அகலமாக இருந்து, உள்ளே ஒரு கைப்பிடிக் கம்பியும் இருந்திருந்தால் அந்த விடுப்பே வந்திருக்காது. மின்சாரச் சக்கர நாற்காலி உள்ளவர்களிடம் இரவில் சார்ஜ் போடுவதைப் பற்றியும் கேட்க வேண்டும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மறுநாள் வேலைக்குப் போக முடியுமா என்பதை மின்வெட்டு அட்டவணைதான் முடிவு செய்தது.

ஆளின் நாளை எழுதிய பிறகு வேலையின் நாளை எழுத வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. 'பேக்கிங் வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

மசாலாப் பொடி பொட்டலம் போடும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு ஓர் இளைஞனை அனுப்பலாமா என்று பார்க்கப் போனேன். முதலில் சொன்னேனே, வலது பக்கம் பலவீனம் என்று தாளில் எழுதியிருந்த பையன் அவன்தான். மேற்பார்வையாளர் அந்தத் தாளைப் பார்த்ததுமே, 'இரண்டு கையும் வேண்டிய வேலை இது' என்று சொல்லிவிட்டார். நான் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையை எடுக்கிறாள், வாயை விரிக்கிறாள், கரண்டியால் பொடியை அள்ளிப் போடுகிறாள், தராசில் வைக்கிறாள், கூட்டிக் குறைக்கிறாள், சூட்டுக் கருவியில் வாயை ஒட்டுகிறாள், பெட்டியில் அடுக்குகிறாள். மொத்தம் ஏழு அசைவு. இதில் இரண்டு கையும் கட்டாயம் வேண்டியது இரண்டு இடத்தில் மட்டும்: பையின் வாயை விரித்துப் பிடிப்பதும், ஒட்டும்போது பையை நேராகப் பிடித்துக்கொண்டே கருவியை அழுத்துவதும். மற்ற ஐந்தையும் அவள்கூட ஒரே கையால்தான் செய்துகொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய வாரம் அந்தப் பையனின் வீட்டில் அவன் ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆயாக்களிடம்தான் விவரம் இருக்கிறது. 'சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள், ஆயா?' என்று கேட்டேன். 'அவனே போட்டுக்கொள்வான், நேரம் ஆகும், அவ்வளவுதான். எண்ணெய் டின்னிலிருந்து போத்தலுக்கு ஊற்றுவதுகூட அவன்தான். போத்தலை முட்டிக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இடக்கையால் ஊற்றுவான், ஒரு சொட்டுச் சிந்தமாட்டான்' என்றார். இது எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல். பொருளை எதிலாவது பொருத்தி நிறுத்திவிட்டால் ஒரு கையால் துல்லியமாக வேலை செய்யத் தெரிந்தவன் அவன். பையின் வாயை விரித்துப் பிடிக்க வளைந்த கம்பியில் ஒரு தாங்கி செய்தோம், தெருக்கோடி வெல்டிங் பட்டறையில். சூட்டுக் கருவிக்குக் காலால் மிதிக்கும் வகையைத் தேடிப் பிடித்தோம். அதன் மிதிபலகை வலப்பக்கம் இருந்தது, இடப்பக்கம் மாற்றச் சொன்னோம். முதல் மாதம் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் செய்தான். அதைத் திட்டத்திலேயே எழுதியிருந்ததால் யாரும் பதறவில்லை.

காது கேளாதவர்களின் விஷயம் வேறு மாதிரி. அவர்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம், எந்த வேலையிலும் போடலாம் என்று முதலாளிகள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வி. என். நாயக் காதுகேளாதோர் பள்ளியில் படித்த ஒரு பெண் தையல் ஆலையில் சேர்ந்தாள். கை சுத்தம், வேகம், எந்தக் குறையும் இல்லை. ஆனால் சம்பளத் தாளைப் பார்த்தால் மற்றவர்களைவிடக் குறைவு. காரணத்தைத் தேடிப் போனால், கூடுதல் நேர வேலை யாருக்கு வேண்டும் என்று மேற்பார்வையாளர் மதியத்தில் வாய்மொழியாகக் கேட்பார். கை தூக்குகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். இத்தனை மாதமும் யாரும் அவளை ஒதுக்க நினைக்கவில்லை, ஆனாலும் பணம் போய்க்கொண்டே இருந்தது. மேசையைத் திருப்பிப் போட்டு வாசலைப் பார்க்க உட்காரவைத்தோம். கூடுதல் நேர அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரவேண்டும் என்று எழுதி வாங்கினோம். தீ எச்சரிக்கை மணியோடு ஒளிரும் விளக்கு, ஃபோர்க்லிஃப்ட் வண்டி வரும் பாதையில் தரையில் மஞ்சள் கோடு. இத்தனையும் சேர்ந்து அந்த ஆலைக்குப் பெரிய செலவு வைக்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023-இல் நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழி ஆனது. அதற்குப் பிறகு அவளோடு வேலை செய்கிற சிலர் காலை வணக்கமும் 'சாப்பிட்டாயா'வும் சைகையில் கற்றுக்கொண்டார்கள். மதிய உணவை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது அதனால்தான். வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர் வேலை கடினம் என்று போவதில்லை, பேச ஆளில்லாமல் போகிறார்கள். எனவே மதிய உணவு நேரத்தையும் என் தாளில் ஒரு வரியாக வைத்திருக்கிறேன்.

இனி உதவித்தொகை. எங்கள் வேலையில் மிகக் கடினமான பேச்சு இதுதான்.

பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பராமரிப்பவருக்கு ஓர் உதவித்தொகை உண்டு. 18-இல் அது நின்றுவிடும். அதன் பிறகு பிள்ளையின் பெயரில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 60 வயதில் அதுவும் முதியோர் உதவித்தொகையாக மாறும். 2025 ஏப்ரலில் இந்தத் தொகை மாதம் 2,315 ராண்டாக இருந்தது. உழைத்துத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர் என்பதே இதைப் பெறுவதற்கான அடிப்படை, அதோடு வருமானச் சோதனையும் உண்டு. ஆக, குடும்பத்துக்கு நிச்சயமாக வந்துகொண்டிருக்கிற ஒரே பணம், 'இவரால் முடியாது' என்று ஒப்புக்கொண்டு வாங்கிய பணம். அந்த வீட்டில் போய் உட்கார்ந்து 'இவரால் முடியும்' என்று நான் பேசுகிறேன்.

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: 'அக்கா, நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். வேலை மூன்று மாதத்தில் போய்விட்டால்? நான் திரும்பவும் எந்த வரிசையில் போய் நிற்பேன்?' இதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். வாடகை, மின்சார டோக்கன், மருந்து எல்லாம் எந்தப் பணத்தில் நடக்கின்றன என்று தெரிந்தவரின் கேள்வி அது. அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாத வேலைத் திட்டத்தை நான் திட்டம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நாங்கள் செய்வது இதுதான். வேலை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, எத்தனை மணி நேரம், கைக்கு எவ்வளவு வரும் என்று நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குகிறோம். அந்தத் தாளோடு தாயும் பிள்ளையும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், இந்த வருமானத்தில் உதவித்தொகை தொடருமா, குறையுமா, நிற்குமா என்று வேலையில் சேரும் முன்பே கேட்கிறார்கள். வருமான வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி முடிவெடுக்க விடுவதில்லை. வேலை கிடைத்ததை மறைக்கவும் விடுவதில்லை. மறைத்தால் பின்னால் கடனாகத் திரும்பும். மருத்துவ ஆவணங்களின் நகல்களை ஒரே உறையில் போட்டுத் தாயிடம் கொடுத்துவிடுகிறோம், திரும்ப விண்ணப்பிக்க நேர்ந்தால் புதிதாகத் தேடி அலையாமல் இருக்க. தற்காலிக உதவித்தொகை 6 முதல் 12 மாதம் வரைதான், அது முடியும் தேதியையும் வேலை தொடங்கும் தேதியையும் ஒரே நாட்காட்டியில் குறிக்கிறோம். சிலருக்கு முழுநேர வேலையைவிடப் பாதி நாள் வேலையில் தொடங்குவதே சரியாக இருக்கும். அந்தத் தாய் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். நானும் எடுத்திருக்கிறேன். வேண்டுதலோடு இந்த உறையும் கையில் இருக்கட்டும் என்று சொன்னேன், சரி என்று வாங்கிக்கொண்டார்.

நிறுவனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் மாற்றுத்திறனாளிகளை எத்தனை பேர் வைத்திருக்கிறோம் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2025-இல் வந்த புதிய இலக்கு 3 சதவீதம். லேர்னர்ஷிப் என்ற உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியில் மாற்றுத்திறனாளி ஒருவரைச் சேர்த்தால், கீழ்நிலைத் தகுதிகளுக்கு ஆண்டுக்கு 60,000 ராண்ட் வரை வரிக்கழிவும் கிடைக்கும். நோக்கம் நல்லது. நடப்பது வேறு. ஆண்டு முடிவில் அவசரமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆள் கேட்பார்கள், என்ன வேலை என்று கேட்டால் பதில் வராது. 12 மாதம் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு நிறுவனம், அதே அளவில் இன்னொரு சான்றிதழ். அலுவலக நிர்வாகச் சான்றிதழ்கள் ஒரு கட்டாகக் கையில் இருக்க, ஒரு நாள்கூட உண்மையான அலுவலகத்தில் வேலை செய்யாத பிள்ளைகள் டர்பனின் வடக்கே ஃபீனிக்ஸிலும் இங்கே சாட்ஸ்வொர்த்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்த நிறுவனம் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, 13-ஆவது மாதம் இந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருப்பான் என்பதுதான். மேசையைக் காட்டுகிறவர்களுக்கு ஆள் அனுப்புகிறேன். காட்டாதவர்களை நம்பி அனுப்பினால், அந்த ஆண்டு யாருடைய வாழ்க்கையிலிருந்து போகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

குறைபாட்டை வெளியில் சொல்வதா வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வலிப்பு, மனநோய் போன்றவை கண்ணுக்குத் தெரியாதவை. வீட்டில் தங்கைக்குத் திருமணம் ஆகவேண்டும், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. சட்டப்படி, பணியாளர்தான் தன்னை மாற்றுத்திறனாளி என்று அறிவிக்க வேண்டும். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஏதாவது வசதி செய்து தரக் கேட்டால், அதற்கு வேண்டிய அளவுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் சிறியது. 'காலையில் சாப்பிடும் மருந்தால் 8 மணி வரை மந்தமாக இருக்கும், 9 மணி ஷிப்ட் கொடுங்கள்' என்றால் போதும். நோயின் பெயரை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மாற்றுத்திறனாளி ஆகும்போது திட்டம் தலைகீழாக ஓடும். இங்கே நம்மவர்களிடையே நீரிழிவு மிக அதிகம், கால் எடுக்கப்பட்டவர்கள் இல்லாத தெரு குறைவு. ஜேக்கப்ஸில் ஓர் ஆலையில் மெக்கானிக்காக இருந்த ஒரு மாமா, முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த பிறகு, மருத்துவக் காரணத்தில் 'போர்டு' ஆகிவிடும்படி, அதாவது வேலையிலிருந்து விலகிவிடும்படி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். 'என்னம்மா செய்வது, எந்திரத்துக்கு அடியில் இனி எப்படிப் படுப்பேன்?' என்றார். உடல்நலக் காரணத்துக்காக ஒருவரை நீக்கும் முன், குறைபாடு தற்காலிகமா நிரந்தரமா, வேலையை மாற்றி அமைக்க முடியுமா, வேறு வேலை இருக்கிறதா என்று முதலாளி ஆராய வேண்டும். பணியாளரும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெற வேண்டும். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் நிபுணரான, மருத்துவமனையின் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்டிடம், அவரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், ஏணி ஏறலாமா என்று தெளிவாக எழுதி வாங்கச் சொன்னேன். எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடும் மனிதர் அவர். உதிரிபாகக் கிடங்கையும் புதிய பையன்களுக்குப் பயிற்சி தருவதையும் அவர் பார்த்துக்கொள்வதாக முடிவானது. சம்பளம் கொஞ்சம் குறைந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் இருந்த அந்த இரண்டு வாரம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. ஆகவே யாராக இருந்தாலும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வேலையில் சேர்த்ததும் திட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வசதிகள் எல்லாம் ஒரு நல்ல மேற்பார்வையாளரின் நினைவில்தான் இருக்கும், அவர் மாறினால் அவையும் போய்விடும். மசாலா நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. பழைய மேற்பார்வையாளர் போனார், சூட்டுக் கருவி சர்வீஸுக்குப் போய்த் திரும்பியபோது மிதிபலகை மறுபடியும் வலப்பக்கம் இருந்தது. புதியவர், 'இது கம்பெனி பொருத்தியது, இப்படியேதான் இருக்கும்' என்றார். என்னென்ன வசதி, யார் செய்து தரவேண்டும், எப்போது திரும்பிப் பார்ப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி, நிறுவனமும் பையனும் கையெழுத்திட்ட தாள் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் காட்டிய மறுநாள் பலகை இடப்பக்கம் வந்தது. காட்டியும் மாற்றாமல் இருந்திருந்தால், பாகுபாடு நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்குப் புகார் எழுதலாம். கட்டணம் இல்லை. அங்கே அவர்கள் முதலில் கேட்கப்போவதும் எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான். ஆகவே முதல் சம்பளம் வருவதற்குள் அந்தத் தாளைக் கையெழுத்தாக்கி, ஒரு நகலைப் பணியாளரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.